தோணிக்காரி வடிவுக்கு ஓர் இலை

“உங்க நாவலைத் திருப்பி எழுதுறேன்னு கெடுத்துட்டேன்னு சொல்லுதாங்க, டீச்சர்,” என்றான் பரிதி.

நாவலாசிரியை இராஜநாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். பத்து வருஷமாக எழுத்துப் பழக வருகிறவனுக்கு அது தெரியாதா?

“மொதல்ல அந்தத் தேங்காயைத் துருவு.”

துருவினான். அன்று ஆடி அமாவாசை.

“யாரு சொல்லுதா?”

“உங்க பழைய வாசகருங்க. படிச்சுப் பார்க்கக் குடுத்திருந்தேன். தோணிக்காரி வடிவை ஆம்பளையா மாத்திட்டேனாம்.”

“மாத்தினியா?”

“இல்லை. ‘என்னைப் பொண்ணுன்னு கூப்பிடாதீங்க’ன்னு மொத அத்தியாயத்துலயே வடிவே சொல்லியாச்சே. நீங்க எழுதினதுதான். நான் அதை நம்பினேன், அவ்வளவுதான்.”

டீச்சர் ஒரு வடையைத் திருப்பிப் போட்டார்.

“பள்ளிக்கூடத்துல பாவாடை கட்டிக்கிட்டு அதைப் படிச்சேன் டீச்சர். என்னை மாதிரி ஒரு ஆளை அதுலதான் மொத தடவை பார்த்தேன். கடைசியில வடிவை வெள்ளத்துல சாக விட்டுட்டீங்க.” பரிதி தேங்காய்த் துருவலை டீச்சரிடம் நீட்டினான். “இன்னும் அச்சுக்குப் போகலை. நீங்க வேண்டாம்னா நிறுத்திருதேன்.”

டீச்சர் கூடத்துக்கு வந்து இலை போட்டார். அப்பா படத்துக்கு முன்னால் ஒன்று. அம்மா படத்துக்கு முன்னால் ஒன்று. படமே இல்லாத வெறுஞ்சுவருக்கு முன்னால் ஒன்று.

“அது யாருக்கு?”

“வடிவுக்கு. வருஷா வருஷம் போடுதேன். பெத்த புள்ளையைக் கொன்னா மனசு சும்மா விடுமா? அதைக் கரையேத்தி எங்கே குடிவைக்கன்னு அப்ப எனக்குத் தெரியலை.”

மூன்று இலையிலும் சோறு, வடை, பாயசம் எல்லாம் பரிமாறியாயிற்று. கற்பூரத்தைக் கையில் எடுத்தவர் நின்றார்.

“உன் கதையில வெள்ளம் வருதா?”

“வருது.”

“தோணி?”

“கவுந்துருது. ஆனா வடிவு, என் கதையில வடிவேலு, நீந்திக் கரையேறிருதான். அவன் ஆசைப்பட்ட செல்லக்கனி கரையில நிக்கா.”

“பெறவு?”

“ரெண்டு பேரும் தூத்துக்குடியில வீடு பிடிச்சிருதாங்க. அவன் பெரிய தோணியில வேலைக்குப் போறான். அவ மீன்கொழம்புல உப்பை அள்ளிப் போட்டுருதா. தெனமும் சண்டை.”

டீச்சர் சிரித்துவிட்டார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“சாகலைல்லா?”

“சாகலை டீச்சர்.”

“அப்ப அந்த மூணாவது இலையை எடுல. உசுரோட இருக்கவனுக்குப் படையல் போடப்பிடாது.”