பெயர் சொல்லித் தட்டியது

மரகதவல்லிக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் வேலை கற்க வந்த சவரிமுத்துவுக்கு ஐம்பது. திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் இருவரும் வேலை பார்த்தார்கள்.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிடப்பட்ட கணினி இயங்குதளம் ஒன்று. செய்தவர்களே அதன் பழைய பதிப்பைக் கைவிட்டுவிட்டார்கள். அதில் புதிது புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க மரகதவல்லி அப்டேட் எழுதினார். சந்தா கட்டியவர்களுக்கு அனுப்பினார்.

ஒரு நாள் சவரிமுத்து கேட்டார்.

"கம்ப்யூட்டர் சென்டர் நடத்துற ஹமீது ஒரு சந்தா கட்டிட்டு, நம்ம அப்டேட்டை ஊருக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார். இது நியாயமா மேடம்?"

"உரிமத்துல என்ன இருக்கு?"

"கொடுக்கலாம்னுதான் இருக்கு. ஆனா அடுத்த அப்டேட்டை நாம அவருக்குக் கொடுத்தே ஆகணும்னு இல்லை."

மரகதவல்லி பதில் சொல்லவில்லை. தங்கையின் பிரசவத்துக்காக அன்றே கரூருக்குப் போய்விட்டார்.

சவரிமுத்து அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஹமீதின் சந்தாவை ரத்து செய்தார். மரகதவல்லி கரூரிலிருந்தே எழுதி அனுப்பிய அடுத்த அப்டேட் ஹமீதுக்குப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை மரகதவல்லி திரும்பி வந்தபோது, சவரிமுத்து திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"யாரோ நம்ம சர்வருக்குள்ள நுழையப் பாக்கிறாங்க மேடம். பாஸ்வேர்டா என்னென்னமோ போட்டுப் பாக்கிறாங்க. எல்லாம் பொம்பளப் பிள்ளைங்க பேரு."

"வாசிங்க."

"அகல்யா. அமலி. பெனாசிர். சித்ரகலா."

மூன்று நொடிக்கு ஒரு பெயர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே 'அனுமதி இல்லை' என்று விழுந்தது. வெளியே நல்ல வெயில். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பவரைப் போல சவரிமுத்துவின் குரல் மாறியிருந்தது.

"தனலட்சுமி. எழிலரசி. ஜெசிந்தா."

நிறுத்திவிட்டார்.

"என்ன சார்?"

"என் மக மேடம். பேருக்குப் பின்னாலயே அவ பிறந்த தேதியும் இருக்கு."

அந்தப் பெயர்கள் எந்தக் கணினியிலிருந்து வருகின்றன என்று மரகதவல்லி முகவரியைத் தேடிப் பார்த்தார். ஜெசிந்தா படிக்கும் பள்ளியின் ஆபீஸ் கணினி. பள்ளி சந்தா கட்டியதில்லை. ஹமீது கொடுத்த அப்டேட்டில்தான் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஓட்டை வழியாக எதுவோ உள்ளே போயிருந்தது. பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, வாசல் வாசலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சவரிமுத்து ஹமீதுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். ரத்து செய்த சந்தாவை மீண்டும் தொடங்கிவைத்தார். பிறகு பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனார்.

ஆபீஸைத் திறந்துவிட்ட சிஸ்டர் சொன்னார்: "நாலு நாளா இதை யாருமே தொடலை. ஆனா உள்ள ஃபேன் மட்டும் இரைஞ்சுக்கிட்டே இருக்கு."

சவரிமுத்து கணினியை அணைத்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாக ஏற்றி, அப்டேட் போட்டார். இரைச்சல் அடங்கியது.

மாலையில் அறைக்குத் திரும்பினார். திரையில் அசைவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூச்சு விட்டார்.

"பேர் வர்றது நின்னுடுச்சு மேடம்."

மரகதவல்லி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம வாசல்ல மட்டும் நின்னுடுச்சு" என்றார்.