தவசி எடுத்த பனிமலைப் போட்டோ

வட்டக்குளத்து ஆட்கள் மூன்று பேர் நேபாளம் போய்வந்த கதை இது. சிரிக்கக் கூடாது, தவசியின் கல்யாணமே இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "பனிமலை முன்னால நிக்கிற போட்டோவோட வா, பொண்ணு தர்றேன்" என்று கருத்தப்பாண்டி கறாராகச் சொல்லிவிட்டார். நல்லமணியும் பூச்சியப்பனும் துணைக்குக் கிளம்பினார்கள்.

காத்மாண்டுவில் வழிகாட்டி பசந்த். திருப்பூர் ஓட்டலில் பத்து வருஷம் புரோட்டா போட்டவர், தமிழ் நன்றாகவே வரும். பெரிய ஸ்தூபி முன்னால் மூவரையும் நிறுத்தினார்.

"இங்க ஒரு வழக்கம். ஸ்தூபி எப்பவும் வலது கைப் பக்கம்தான் இருக்கணும். சுத்திட்டு பஸ்ஸுக்கு வந்துடுங்க, மலை பாக்கப் போறோம்."

மூன்று சுற்று ஒழுங்காக முடிந்தது. பஸ்ஸைப் பார்த்து நடக்கப்போன தவசியை நல்லமணி எட்டிப் பிடித்தான்.

"இப்படியே போனா ஸ்தூபி எங்கடா இருக்கும்?"

"முதுகுக்குப் பின்னால."

"முதுகு வலது கையா?"

தவசி யோசித்தான். இல்லைதான். மறுபடி சுற்றினார்கள். பதினோராவது சுற்றில் பஸ் ஹாரன் அடித்தது. தவசிக்கு அழுகையே வந்துவிட்டது.

"மலை போச்சுன்னா பொண்ணும் போச்சுடா!"

பூச்சியப்பன்தான் அவர்களில் மூளைக்காரன். "நண்டு மாதிரி போவோம்" என்றான். ஸ்தூபியை வலது கைப் பக்கமே வைத்து, மூவரும் இடப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து பஸ் ஏறினார்கள். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் எழுந்து, திரும்பி உட்கார்ந்தார்கள். மற்ற பயணிகள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேலே இறங்கினால், அடேயப்பா! கிழக்கே வெள்ளை வெளேரென்று பனிமலை. நல்லவேளை, அதைப் பார்த்து நின்றால் ஸ்தூபி வலது கைப் பக்கம். தவசி நின்றான்.

"இந்தப் பக்கம் திரும்புங்க தம்பி, முகம் விழணுமில்ல?" என்றார் கேமராவோடு பின்னால் நின்ற பசந்த்.

"திரும்பினா ஸ்தூபி இடது பக்கம் வந்துடுமே அண்ணே."

"ஸ்தூபி எட்டு மைலுக்கு அப்பால இருக்கு!"

"இருக்குல்ல?" என்றான் நல்லமணி.

பசந்த் அப்படியே படத்தை எடுத்துவிட்டார். மூவரும் ஊர் வந்து சேர்ந்த விதத்தை நான் சொல்லப்போவதில்லை.

கருத்தப்பாண்டி போட்டோவை வாங்கிப் பார்த்தார். மலை இருந்தது. தவசியின் பிடரியும் இருந்தது.

"முகம் எங்க மாப்ளே?"

"அது அந்தப் பக்கம் இருக்கு மாமா."

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போட்டோவைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அடப்பாவி, மூஞ்சியே மூடுற அளவுக்குப் பனியிலயா நின்னே! வர்ற தையிலேயே கல்யாணம்டா!"