சேனாதிபதியின் நெற்றியில் பட்ட பந்து

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலம் அது. ஆற்றோரத்து நாடு ஒன்றைச் சந்திரசூடன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் அவனுக்குப் புதுவிதமான பந்தாட்டம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு பக்கமும் பனங்கம்பம், அதன் உச்சியில் பிரம்பு வளையம். எதிராளி காக்கும் வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். கம்பத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் பிறை மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே நின்று எறிந்து விழுந்தால் இரண்டு புள்ளி. வெளியே நின்று எறிந்து விழுந்தால் மூன்று.

அன்றிலிருந்து மன்னனுக்கு அதே நினைப்பு. அரண்மனை முற்றம் போதவில்லை என்று ஆற்றங்கரை மணல்வெளி முழுவதையும் கேட்டான். ஓடக்காரர்கள் ஓடங்களைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதும் வலை உலர்த்துவதும் அங்கேதான். அவர்கள் தலைவன் மருதையன் ஓடிவந்து கும்பிட்டான்.

"ராசா, அந்த மணலையும் எடுத்துக்கிட்டீங்கன்னா ஓடத்தை நாங்க தலையிலயா தூக்கி வச்சுக்குவோம்?"

மன்னன் சற்று யோசித்தான். "என் அணியோடு ஆடுங்கள். ஜெயித்தால் மணல் உங்களுடையது. தோற்றாலும் சமமாக முடிந்தாலும் என்னுடையது."

நடுவராக யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தது. சேனாதிபதி வச்சிரபாகு உடனே எழுந்தான். அரசவை விகடகவி பூவராகன்மேல் மன்னன் வைத்திருந்த பிரியம் அவனுக்கு நெடுநாளாகவே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"மகாராஜா, நியாயம் சொல்லப் பூவராகனை விட்டால் நம் சபையில் யார் இருக்கிறார்கள்? தீர்ப்பில் பிசகினால் மட்டும் நாட்டை விட்டு அனுப்பிவிடலாம்."

சபையில் பாதிப்பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பூவராகனுக்குப் புரிந்துவிட்டது. மன்னனுக்குச் சாதகமாகச் சொன்னால் ஊர் காறித் துப்பும், பாதகமாகச் சொன்னால் மன்னன் துரத்துவான். வீட்டுக்குப் போய் மனைவி அலர்மேலுவிடம் சொன்னான்.

"மூட்டை கட்டி வைக்கட்டுமா?" என்றாள் அவள்.

"கட்டி வை. உலக்கையை மட்டும் விட்டுவிடு, சுமக்க முடியாது" என்றான்.

ஆட்டத்தன்று ஊரே மணலில் கூடியது. ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், மன்னன் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பிக் குதித்து, அந்தரத்தில் பந்தை எறிந்து, கோட்டுக்கு உள்ளே வந்து விழுந்தான். பந்தும் வளையத்தில் விழுந்தது.

"உள்ளாற வந்துட்டாரு! ரெண்டுதான்!" என்று ஓடக்காரர்கள் கத்தினார்கள்.

பூவராகன் மணலில் குனிந்து பார்த்தான். "எறியும்போது மகாராஜா மண்ணில் இல்லை, ஆகாயத்தில் இருந்தார். ஆகாயத்தில் யாரும் கோடு போடவில்லை. எம்பிய காலின் தடம் வெளியே இருக்கிறது. மூன்று!"

அடுத்ததாக ஓடக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து அழகாகப் போட்டான். ஆனால் அவன் கால் கட்டைவிரல் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கோட்டை மிதித்தவன் உள்ளே நின்றவன்தான் என்று பூவராகன் இரண்டே கொடுத்தான். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். மருதையன் மட்டும், "சாமி சொல்றது சரிதான், ஆடுங்கடா" என்று தன் ஆட்களை அடக்கினான்.

முடிவுச் சங்கு ஊதப்போகிற சமயம், அரண்மனை அணி இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. மருதையன் கோட்டுக்கு நன்றாக வெளியே நின்று, கண்ணை மூடிக்கொண்டு பந்தை வீசினான். வீச்சு தாழ்ந்துதான் வந்தது. தானாகவே வளையத்தை எட்டியிருக்காது. அரண்மனை அணிக்காகக் கம்பத்தடியில் காவல் நின்ற சேனாதிபதி அதைத் தட்டிவிடத் துள்ளினான். கை தவறியது. பந்து அவன் நெற்றியில் மோதி, மேலே எழும்பி, வளையத்துக்குள் புகுந்து இறங்கியது. சங்கும் ஊதியது.

மூன்று என்றால் மணல் ஓடக்காரர்களுக்கு. இரண்டு என்றால் சமம், மணல் மன்னனுக்கு.

சேனாதிபதி முந்திக்கொண்டான். "பந்து கடைசியாக என் நெற்றியில் பட்டுத்தான் உள்ளே போனது. நானோ கோட்டுக்கு உள்ளே நின்றேன். ஆகவே இரண்டு!"

மன்னன் பூவராகனையே பார்த்துக்கொண்டு நின்றான். பூவராகன் சேனாதிபதியிடம் மிகப் பணிவாகக் கேட்டான்.

"அப்படியென்றால் மருதையன் எறிந்தது கணக்கில்லை. தாங்கள் போட்டதுதான் கணக்கு. இல்லையா?"

"அதைத்தானே சொல்கிறேன்! நான் போட்டதுதான்!"

பூவராகன் தண்டோராக்காரனைக் கூப்பிட்டான். "நாலு வீதியிலும் முழங்கு. மன்னர் தம் வளையத்தைக் காக்கச் சொல்லி நிறுத்திய சேனாதிபதி, கடைசி நொடியில் எதிரிக்காகத் தாமே பந்தை உள்ளே போட்டார். தாம்தான் போட்டதாக மன்னர் முன்னிலையில் ஒப்புக்கொண்டும்விட்டார். இதற்குப் பெயர் ராஜதுரோகமா, வேறு ஏதாவதா என்பதைச் சட்டம் படித்தவர்கள் வந்து சொல்லட்டும்."

சேனாதிபதியின் முகம் வெளுத்தது. "ஐயோ, நான் போடவில்லை! நான் சும்மா நின்றேன்! அதுவாக வந்து மோதியது!"

"அப்படியானால் யார் போட்டது?"

"மருதையன்! மருதையன்தான் போட்டான்!"

"எங்கே நின்று போட்டான்?"

சேனாதிபதி தரையைப் பார்த்துக்கொண்டு, "வெளியே நின்று" என்றான்.

"நடுவில் எதில் பட்டாலும், எறிந்தவன் எறிந்த இடம்தான் கணக்கு. மூன்று!" என்று பூவராகன் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான்.

மன்னன் மெதுவாக அவனிடம் வந்தான்.

"பூவராகா, நான் எறிந்து, மருதையன் தலையில் பட்டு உள்ளே போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

"மூன்று என்றுதான், மகாராஜா."

"நான் உன்னைத் துரத்திவிடுவேன் என்ற பயம் இல்லையா?"

"நிறைய இருக்கிறது. வீட்டில் மூட்டைகூடத் தயார்."

மன்னன் முதலில் மீசைக்குள் சிரித்தான். பிறகு வீங்கிய நெற்றியோடு நின்ற சேனாதிபதியைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஓடக்காரர்கள் மருதையனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினார்கள். மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டான்.

"தோற்றது நான்தான். ஆனால் எனக்கு இப்படி ஒரு நியாயஸ்தன் கிடைத்திருக்கிறானே! இன்னும் ஏதாவது கேள், தருகிறேன்."

"இனிமேல் நடுவர் வேலை மட்டும் வேண்டாம், மகாராஜா."

"தந்தேன்! அடுத்த வாரம் எனக்கும் மகாராணிக்கும் ஆட்டம். அதற்கு நம் சேனாதிபதியே நடுவராக இருக்கட்டும்."

குடை நிழலில் அமர்ந்திருந்த மகாராணி சேனாதிபதியை ஒரு பார்வை பார்த்தாள். மன்னன் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினான்.