ராஜா ஊதிய ஆசி

வெகு காலத்துக்கு முன்னே தாழைக்கரை நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் பல்லக்கில் ஏற்றியவனைச் சாயங்காலம் சிறையில் தள்ளுகிற குணம் அவனுக்கு. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் உச்சந்தலையில் ராஜா வாயால் ஊதி ஆசி தரவேண்டும்.

ஒரு வருஷம் இருமல் காய்ச்சல் வந்து ஊர் ஊராகப் பிணம் விழுந்தது. வைத்தியச்சி வடிவாம்பாள் ஒரு மருந்து கண்டுபிடித்து, ராஜாவுக்கும் சபையாருக்கும் முதலில் ஊசியால் தோளில் ஏற்றினாள். அவர்களில் ஒருவரும் சாகவில்லை. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இனி நோய் என்னை என்ன செய்யும்?" என்று ஊர் ஊராகப் போய் ஊதினான். லேசாகச் சளி பிடித்திருந்ததைச் சட்டை செய்யவில்லை. பாவி, அவன் போன ஊர்களிலெல்லாம் தொட்டில்கள் காலியாயின.

வைத்தியச்சிமேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த பிரதானி பூதலிங்கம் சும்மா இருப்பானா? அவளை விலங்கிட்டு, குழந்தையைப் பறிகொடுத்த உப்பளத்துக் கூலிக்காரி செவத்தியையும் சாட்சியாகச் சபைக்கு இழுத்து வந்தான்.

"மகாராஜா, இவள் ஊசி பொய். நோய் நிற்கவில்லை, இந்தக் கூலிக்காரியின் குழந்தையே அதற்குச் சாட்சி. ஊசி போட்ட தங்களுக்கே சளி பிடிக்கவில்லையா?"

"எடுங்கள் இவள் தலையை! அதற்குள் நான் போய், புதிதாகப் பிறந்த என் பேரனுக்கு ஆசி கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று தாம்பூலத்தை மென்றபடியே எழுந்தான் ராஜா.

மந்திரி குழைக்காதர் ஓடிவந்து குறுக்கே குனிந்தார். "பேரனுக்கு முன்னால் இந்தக் கிழவனுக்கும் ஒரு ஊது, மகாராஜா!"

"என்ன மந்திரி, மறுபடி தொட்டிலில் படுக்க ஆசையா?" என்று சிரித்து ஓங்கி ஊதினான் ராஜா.

மந்திரி தன் வெள்ளைத் தலைப்பாகையைக் கழற்றிக் காட்டினார். அதில் பொடிப்பொடியாகச் சிவப்புத் துளிகள்.

"வெற்றிலைச் சாறு கண்ணுக்குத் தெரிகிறது. சளி தெரியாது. ஆனால் அதுவும் இப்படித்தான் போய் விழும்."

"எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

"ஊசி மருந்து ரத்தத்தில் காவல் நிற்கிறது. அதனால்தான் தாங்கள் பிழைத்தீர்கள். மூக்கிலும் தொண்டையிலும் அந்தக் காவல் குறைவு. நோய் அங்கே நாலு நாள் தங்கி, மூச்சோடு வெளியேறும். ஊசி போடாத பச்சைக் குழந்தைமேல் விழுந்தால் என்ன ஆகும்?"

வடிவாம்பாள் வாய் திறந்தாள். "மூக்குக்கும் ஒரு மருந்து தேடிக்கொண்டிருந்தேன். அதுவரை ஊத வேண்டாமென்று பிரதானியிடம் சொல்லியனுப்பினேனே!"

"ராஜ மூச்சைக் குறை சொல்வதை நான் எப்படி..." என்று இழுத்தான் பூதலிங்கம்.

"போ. செத்த குழந்தைகளுக்குக் குழி வெட்டு" என்றான் ராஜா. வைத்தியச்சியின் விலங்கை அவிழ்க்கச் சொன்னான். மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையை நீட்டினான்.

மந்திரி வாங்கவில்லை. "முன்பே எனக்கு உறைத்திருந்தால் வாங்கியிருப்பேன், மகாராஜா."

ராஜா செவத்தியிடம் போனான். "உனக்கு என்ன வேண்டும், தாயே?"

"நான்தான் சாமி, முண்டியடிச்சு முன்னால வந்து புள்ளைய நீட்டுனேன். நல்லா ஊதுங்க சாமின்னு கேட்டேன். நீங்களும் ரெண்டு தரம் ஊதுனீங்க."

ராஜா பதில் சொல்ல வாயைத் திறந்தான். செவத்தி முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.