முன்பல்லில் சுற்றிய நூல்

டாக்டர் தில்லைநாதனுக்குப் பல் பிடுங்குவதில் நல்ல பேர். ஊசி போட்டதுதான் தெரியும், பிடுங்கியது தெரியாது என்று சீர்காழிப் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். வலித்தால் எடுத்துவிடு, அதுதான் அவர் வைத்தியம். அப்படிப்பட்டவர் தலை நரைத்த பிறகு தஞ்சாவூருக்கு வந்து, தன்னைவிட வெகு இளையவரான டாக்டர் ஹசீனாவிடம் ரூட் கெனால் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்.

இந்த வயதில் ஏன் என்று ஹசீனா கேட்டபோது அவர் மறைக்கவில்லை. மகள் யாழினி தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு மகளே பிறக்கவில்லை என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பிவிட்டார். பிடுங்கியாயிற்று, கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்றுதான் நினைத்தார். ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் அம்மாவோடு போனில் பேசும்போது, இவர் அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் குரலுக்கு அவ்வளவு ஏங்கினார். ஒரு பல்லையாவது காப்பாற்றக் கற்றுக்கொள்ளலாமென்று வந்ததாகச் சொன்னார்.

ஹசீனா கையுறையை எடுத்து நீட்டினார்.

முதலில் வந்தவர் செல்வராணி, தையல்காரர். நூலைப் பல்லால் கடித்துக் கடித்தே மேல்வரிசை முன்பல் ஒன்று விரிசல் விட்டு, உள்ளே சீழ் கட்டியிருந்தது. முகம் வீங்கியிருந்தது. பிடுங்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார் அவர். தில்லைநாதனின் கை தன்னால் குறடு இருக்கும் தட்டுக்குப் போனது. ஹசீனா தட்டை நகர்த்தி வைத்தார்.

"உள்ள கெட்டுப்போனத மட்டும் எடுப்போம் சார்."

பல்லின் பின்பக்கம் சிறு துளை போட்டு, ஊசியைவிட மெல்லிய அரத்தை வேருக்குள் விட்டு, லேசாகத் திருப்பி, வெளியே எடுத்து, மருந்துத் தண்ணீரால் கழுவ வேண்டும். மறுபடி திருப்ப வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். பிடுங்கிப் பழகிய கைக்கு அது பெரிய தண்டனை. தில்லைநாதன் அவசரப்பட்ட போதெல்லாம் ஹசீனா, கழுவுங்க சார் என்று மட்டும் சொன்னார். வேர் நுனி வரை சுத்தமானதும் மருந்து வைத்து அடைத்து அனுப்பினார்கள்.

அடுத்த முறை செல்வராணி வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. வேரை நிரப்பி மூடினார்கள். எல்லாம் முடிந்த பிறகு தில்லைநாதனுக்கு மனசு கேட்கவில்லை. ஐஸ் தண்ணீரில் நனைத்த பஞ்சை அந்தப் பல்லின் மேல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லையே என்றார் செல்வராணி. இன்னொரு தடவை வைத்தார். அப்போதும் தெரியவில்லை.

நரம்பை எடுத்தால் கூச்சம் இருக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் முகம் வாடிவிட்டது. ஹசீனாவை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"உயிர் போயாச்சு மேடம். சும்மா நிக்குது. இதுக்கா இவ்வளவு பாடு?"

ஹசீனா செல்வராணியின் நாற்காலிக்குத் திரும்பினார். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற நூலில் ஒரு முழம் வெட்டி, அந்தப் பல்லின் மேல் சுற்றினார்.

"கண்ண மூடிக்குங்கக்கா. ஏதாவது தெரிஞ்சா கையத் தூக்குங்க."

நூலை மெல்ல இழுத்தார். பூத்தொடுப்பவர்கள் முடிச்சை இறுக்குவார்களே, அந்த அளவுகூட இல்லை. செல்வராணியின் கை உடனே மேலே போனது.

"யாரோ இழுக்கிறாங்க," என்றார். ஹசீனா பிடியைத் தளர்த்தினார். "இப்ப விட்டுட்டாங்க."

தில்லைநாதன் தானே நூலை வாங்கி இழுத்துப் பார்த்தார். மறுபடியும் கை உயர்ந்தது.

நரம்பே இல்லாமல் எப்படி என்று கேட்டார். படித்த பாடம்தான், ஆனாலும் யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"உள்ள இருந்ததுதான் சார் போச்சு. பல்லச் சுத்திப் பிடிச்சிட்டிருக்கிறது இன்னும் உயிரோடதான் இருக்கு."

பல்லுக்கு மேல் கேப் போட வரவேண்டும், இனி நூலைக் கடிக்கவே கூடாது என்று சொல்லி ஹசீனா செல்வராணியை அனுப்பிவைத்தார். கத்திரிக்கோலைத் தேடுவதற்குள் வாய் முந்திக்கொள்கிறதே டாக்டர் என்று சிரித்துக்கொண்டே போனார் அவர்.

தில்லைநாதன் நூலைக் கீழே போடவில்லை. விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். வாசற்கதவு சாத்திய பிறகு, குனிந்தபடியே பேசினார்.

"அன்னைக்கு நான் பேசுன பேச்சுக்கு, அவ மனசுல எம்மேல எதுவுமே மிச்சம் இருக்காது மேடம்."

ஹசீனா குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"நீங்க இழுத்துப் பாத்தீங்களா சார்?"