நாலு மாடி இறங்கிய புடலங்காய்

அளந்து விடுவதில் தங்கப்பழம் மாமாவை அடித்துக்கொள்ள பாளையங்கோட்டையிலேயே ஆள் கிடையாது. இன்சூரன்ஸ் ஏஜென்ட், வாய்தான் அவருக்குச் சோறு போடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில், அதே வாயால்தான் மாட்டிக்கொண்டு நின்றார்.

போன வாரம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், பிள்ளைகளை வைத்து மாடியில் தோட்டம் போடலாம் என்று எழுந்து சொன்னார். சங்கத் தலைவி ரோஸலின் டீச்சர், இந்தக் காலத்துப் பிள்ளைகளாவது செடி வளர்ப்பதாவது, தகரக் கூரை போட்டு வாடகைக்கு விடுவோம் என்றார். மாமா சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாப் பிள்ளையும் வீட்டில் வளர்க்க என்னிடம் விதை வாங்கிப் போகும், இல்லையென்றால் மாடி உங்களுக்கே என்று சவால் விட்டுவிட்டார். விதைப் பொட்டலங்கள் இன்னும் பை நிறைய அப்படியே இருந்தன. எதிரே குச்சி ஐஸ் சப்பிக்கொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள்.

கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். எட்டு வயதில், இதே மாதிரி நாலு மாடி வீட்டில், ஓட்டை வாளியில் ஒரே ஒரு புடலை விதை போட்டாராம். கை கழுவித் திரும்புவதற்குள் கொடி தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டதாம். காய் சுருளாமல் நேராக வளர நுனியில் கல் கட்டுவார்கள் அல்லவா, சின்னக் கல் அதற்குப் போதவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அம்மிக்கல்லைத் தூக்கிக் கட்டினாராம்.

"எட்டு வயசுல அம்மியத் தூக்குனீங்களா?" என்றாள் நிலோஃபர். ஐந்தாம் வகுப்பு, எதையும் லேசில் விடமாட்டாள்.

"புடலங்கா தின்ன ஒடம்பு பிள்ள இது."

காய் அப்போது இன்னும் வளரவே இல்லையே என்று அவளைவிடச் சின்னவன் ஆல்வின் இழுத்தான். மாமா அதைக் காதில் வாங்கவில்லை.

அம்மியின் கனத்தில் காய் இறங்கோ இறங்கு என்று இறங்கியது. நாலாம் மாடிக்காரர்கள் ஜன்னல் வழியாகவே கூட்டுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். நறுக்கினால் கீழே உள்ளது விழுந்துவிடாதா என்று கேள்வி வந்தது. பக்கவாட்டில் சீவினார்கள் என்று பதில் வந்தது. மூன்றாம் மாடியில் அதில் துணி காயப்போட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒருவர் படி ஏறச் சோம்பல்பட்டு அதைப் பிடித்தே வீடு போய்ச் சேர்ந்தார். கடைசியில் அம்மி தரையைத் துளைத்துக்கொண்டு ஆயிரம் அடியில் தண்ணீரைத் தொட்டது. காய் உள்ளே வெறும் கூடாகியிருந்ததால், தண்ணீர் அதன் வழியாகவே மாடித் தொட்டிக்கு ஏறியது. ஊரே லாரிக்குக் குடத்தோடு நிற்க, அந்த வீட்டில் மட்டும் இரண்டு வேளைக் குளியலாம்.

அந்தக் காய் இப்போது எங்கே என்று நிலோஃபர் கேட்டாள். மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று வீட்டில் சொல்வார்களே, எவனோ ஒரு வழிப்போக்கன் நீட்டிவிட்டான் என்றார்.

"ஆயிரம் அடிக் காய் பிஞ்சா மாமா?"

"பின்ன? அது இன்னும் வளர வேண்டியதுல்லா இருந்துச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் தள்ளிப் போய்க் கூடிக் குசுகுசுத்தார்கள். படிக்கட்டு வாசலில் ரோஸலின் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நிலோஃபர் திரும்பி வந்து கையை நீட்டினாள்.

"விதையக் குடுங்க மாமா. எல்லாருக்கும்."

"நம்பிட்டியா பிள்ள?" மாமா அவசரமாகப் பையைத் திறந்தார்.

"இல்ல. ஆளுக்கு ஒண்ணு வளத்து, ஸ்கேல் வச்சுப் பாக்கப் போறோம். நீங்க எம்புட்டுப் புளுகுனீங்கன்னு அப்பத்தான் சரியாத் தெரியும்."

மானம் போனால் போகட்டும், மாடி தப்பியது. அவர்கள் மனசு மாறுவதற்குள் பொட்டலங்களை அள்ளி அள்ளிக் கொடுத்தார். டீச்சர் இறங்கிப் போனார். ஆல்வின் விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் போட வேண்டும் என்று மாமாவைக் கேட்டான்.

அவ்வளவு நேரம் ஓயாத வாய் நின்றுவிட்டது. மாமா வானத்தைப் பார்த்தார். அப்புறம் தன் செருப்பைப் பார்த்தார்.

நிலோஃபர் தன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு விதையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்க உம்மாட்ட கேட்டுச் சொல்லுதேன். நீங்களும் ஒண்ணு போடுங்க மாமா, மொத தடவதான."