எருமைக்குத் தூக்கம் வந்த கதை

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, காக்கை, குருவி எல்லாமே பேசும். அதிலும் எருமை கொஞ்சம் கூடுதலாகவே பேசும். எல்லாம் பயத்தில்தான். இன்றைக்கு ரோட்டில் படுத்திருக்கிற எருமையை நினைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்காதீர்கள். அன்றைய எருமை ஒல்லிப்பிச்சான். வைக்கோல் நிறம். பல்லி கத்தினால் நாலுகால் பாய்ச்சலில் ஓடும். தன் வாலே தன் முதுகில் பட்டால், "யாரு? யாரு?" என்று அலறிக்கொண்டு திரும்பிப் பார்க்கும்.

கண்மாயை ஒட்டிய ஓர் ஊரில் சோணை என்பவரும் அவர் மனைவி ஒச்சம்மாவும் அப்படி ஓர் எருமையை வளர்த்தார்கள். அது ஓரிடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருந்ததால் சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு மாதத்துக் கன்று ஒன்று இருந்தது.

சிட்டுவுக்குத் தூக்கமே வராது. படுத்தால் உடம்பு பஞ்சு மாதிரி லேசாகிப் போகும். கழுத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டால் அப்படியே வானத்துக்குப் போய்விடுவோம் என்று பயந்து எழுந்து நிற்கும். எழுந்ததும் முளைக்குச்சி ஆடுகிறதா என்று பார்க்கும். அப்புறம் கன்றை எழுப்பும்.

"கண்ணு, மூச்சு விடுறியா?"

"விட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன். எழுப்பிவிட்டுட்டியே!" என்று கன்று சிணுங்கும்.

தூங்காத மாடு எப்படி நிம்மதியாக அசைபோடும்? அசைபோடாத மாட்டுக்குப் பால் எங்கிருந்து வரும்? ஒச்சம்மா தினமும் காலையில் சொம்போடு வந்து உட்காருவாள். அவள் கை பட்டதும் சிட்டு எகிறிக் குதிக்கும். சொம்பு ஒரு பக்கம் போகும், ஒச்சம்மா ஒரு பக்கம் போவாள். கன்றுக்கும் வயிறு நிறையவில்லை. அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் ஒச்சம்மா சாணிக்குள்ளேயே விழுந்துவிட்டாள். எழுந்தவள் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"இந்தாய்யா, நல்லாக் கேட்டுக்க. செவ்வாக்கெழமைக்குள்ள இது ஒரு சொம்புப் பால் குடுக்கணும். இல்லேன்னா சந்தைக்கு ஓட்டிப் போயி ரெண்டு ஆடா மாத்திட்டு வா. கன்னு இங்கயே கெடக்கட்டும், நான் கஞ்சித்தண்ணி ஊத்தி வளத்துக்கறேன்."

"பாவம்டி, தாயையும் பிள்ளையையும் பிரிக்கச் சொல்றியே," என்றார் சோணை.

"எனக்கு மட்டும் ஆசையா? பாலில்லாம அந்தக் கன்னு சாகப் போகுதுய்யா!"

சிட்டுவுக்குக் கேட்டுவிட்டது. கன்றை விட்டுவிட்டு எங்கேயோ ஒரு ஊரில், எவன் தொழுவத்திலோ நிற்பதை நினைத்ததும் கொஞ்சநஞ்சம் வந்த கோழித்தூக்கமும் போய்விட்டது. தூங்கினால்தான் பால், பால் இருந்தால்தான் கன்று என்று நினைத்து நினைத்து, தூங்கியே ஆக வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடியது. அப்படி மூடினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

தொழுவத்துக் கூரையில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தது. கரிச்சான் ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். ஆனால் பருந்தையே விரட்டிக் கொத்தும். அந்த மிதப்பில் ஊரில் உள்ள எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டு திரியும். அது வாலை ஆட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தது.

"தங்கச்சி, ஒனக்கு வந்திருக்கிறது வியாதியே இல்ல. மேல கனம் இல்ல, அம்புட்டுத்தான்."

"கனமா? என்னண்ணே சொல்றீங்க?"

"கோழியப் பாரு. குஞ்சு கத்திக்கிட்டே திரியுது. ஆத்தாக்காரி மேல ஏறி உக்காந்ததும் பேச்சு மூச்சு இல்லாம தூங்கிப்போகுது. ஒங்க சோணையப் பாரு. இந்தச் சித்திரை வெயில்லயும் கம்பளியப் போத்திக்கிட்டுத்தான் படுக்குறாரு. குளிரா அடிக்குது? ஒரு ஆளு கனம் இருக்குல்ல அந்தக் கம்பளி. மேல ஒண்ணு அழுத்துனா ஒடம்பு, 'சரி, இனி எங்கயும் போக வேண்டாம்'னு அடங்கிப்போகும்."

சிட்டுவுக்கு இது நியாயமாகப் பட்டது. "எனக்கு யாருண்ணே கனம் வைப்பா?" என்று கேட்டது.

"நான் எதுக்கு இருக்கேன்? படு."

சிட்டு படுத்தது. கரிச்சான் அதன் முதுகில் ஏறி, இறகை உப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்து அழுத்தி உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் போனது.

"எப்படி இருக்கு?"

"எப்பண்ணே ஏறுவீங்க?" என்றது சிட்டு.

கரிச்சானுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் தன் சொந்தபந்தம் பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்து வரிசையாக உட்கார வைத்தது. அத்தனை பேரும் உட்கார்ந்த இடத்தில் குடும்பச் சண்டையை ஆரம்பித்து, ஒருவரை ஒருவர் கொத்திக்கொண்டதில் சிட்டு மிரண்டுபோய்த் தொழுவத்தை மூன்று சுற்று சுற்றியது. கரிச்சான் எல்லாரையும் திட்டி அனுப்பிவிட்டு, "கம்பளிதான் சரி," என்று முடிவு கட்டியது.

அன்று மத்தியானம் சோணையின் கம்பளி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சிட்டு பூனை மாதிரி நடந்து போய் வாயால் கவ்வி இழுத்துத் தன் மேல் எறிந்துகொண்டது. கரிச்சான் மேலே உட்கார்ந்து அங்கே இங்கே இழுத்துச் சரிசெய்தது. முதுகில் பாதியளவுக்குத்தான் வந்தது. இருந்தாலும் அந்தப் பாதிக்கு மட்டும் ஒரு சுகம். சிட்டு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு கொட்டாவி விட்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து சோணை வந்துவிட்டார்.

"அடியே ஒச்சு! எங்கம்பளியை மாடு உடுத்தியிருக்குடி!"

சிட்டு திடுக்கிட்டுத் துள்ளியது. கம்பளி முன்னால் சரிந்து கண்ணை மூடிக்கொண்டது. உலகமே இருட்டிவிட்டதென்று சிட்டு ஓட ஆரம்பித்தது. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, வேலியை முறித்துக்கொண்டு ஓடியது. ஒச்சம்மா காயப்போட்டிருந்த வடகத்தை மிதித்துக்கொண்டு ஓடியது. பின்னால் சோணை கம்பளிக்காக ஓடினார், ஒச்சம்மா வடகத்துக்காக ஓடினாள், கன்று அம்மாவுக்காக ஓடியது. கரிச்சான் மட்டும் சிட்டுவின் முதுகை நகத்தால் பற்றிக்கொண்டு, "எடது பக்கம் திரும்பு! எடது பக்கம்!" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தது. சிட்டுவுக்கு இடது வலது தெரியாது. நேராகக் கண்மாய்க்குள் பாய்ந்தது.

கோடைக் கண்மாயில் தண்ணீர் குறைவு, சேறு அதிகம். கம்பளி நழுவி விழுந்தது. சிட்டு முழங்கால் வரை இறங்கியது, வயிறு வரை இறங்கியது. திமிறத் திமிற இன்னும் இறங்கியது.

"அண்ணே, பறந்து போயிருங்க! நான் முங்கப் போறேன்!" என்று கதறியது.

பருந்து என்றால் கரிச்சான் கொத்தியிருக்கும், சேற்றை எங்கே கொத்துவது? ஆனாலும் இறங்கவில்லை. "நீ பேசாம நில்லு தங்கச்சி. நான் இங்கதான் இருக்கேன்," என்றது. குரல் நடுங்கியது, நகம் மட்டும் பிடியை விடவில்லை.

சிட்டு திமிறுவதை நிறுத்தியது. நிறுத்தியதும் இறங்குவதும் நின்றுவிட்டது. தலையும் முதுகின் ஒரு கீற்றும்தான் வெளியே. மற்றபடி நாலு பக்கமும் குளுகுளுவென்று சேறு. ஆயிரம் கம்பளியை நனைத்துப் போர்த்திய கனம். வானத்துக்குப் போய்விடுவோமோ என்ற பயம் போன இடம் தெரியவில்லை. போகச் சொன்னாலும் போக முடியாதே! சிட்டுவின் கண் தானாகச் சொருகியது.

கரைக்கு வந்த ஒச்சம்மா, கண்ணை மூடிக் கிடந்த தலையைப் பார்த்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யய்யோ! சந்தைக்கு ஓட்டச் சொன்னேனே, பாவி! உசுரையே விட்டுருச்சே! நான் இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

கன்று, "அம்மா!" என்று வீறிட்டது. சோணை கயிற்றோடு சேற்றில் இறங்கினார். அப்போது கரிச்சான் சிறகை விரித்துக்கொண்டு சீறியது.

"யாரு அங்க சத்தம் போடுறது? ஆளு தூங்குதுல்ல!"

எல்லாரும் வாயை மூடினார்கள். சேற்றில் பொளக், பொளக் என்று குமிழி வந்தது. கூடவே ஒரு குறட்டை. எருமைக் குலத்திலேயே அதுதான் முதல் குறட்டை. ஒச்சம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், மறுபடியும் அழுதாள். யாரும் எழுப்பவில்லை.

சாயங்காலம் சிட்டு தானாக எழுந்து, மெதுவாக ஒரு காலை எடுத்து வைத்து, அவசரமே இல்லாமல் கரையேறியது. உடம்பெல்லாம் கருகருவென்று சேறு. பக்கத்தில் ஒரு பையன் வெடி போட்டான். சிட்டு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ஒரு வாய் புல்லைக் கடித்தது. ராத்திரி முழுக்க அசைபோட்டது. காலையில் கன்று முட்டி முட்டிக் குடித்து, ஏப்பம் விட்டு நகர்ந்தது. பிறகும் ஒச்சம்மாவின் சொம்பு நிறைந்து, சோணை ஓடிப்போய்க் குழம்புச் சட்டியைக் கழுவி எடுத்து வந்தார். செவ்வாய்க்கிழமை ஒச்சம்மாவும் சந்தைக்குப் போனாள், பெரிய சொம்பாக ஒன்று வாங்க.

சிட்டுவின் மேலிருந்த சேற்றை அவள் வைக்கோல் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். கறுப்பு போகவில்லை. போன கொஞ்சத்துக்கும் ஈடாகச் சிட்டு மறுபடி கண்மாய்க்குப் போய்ப் படுத்துவிட்டது.

ஊர் முழுக்கக் கரிச்சான் தம்பட்டம் அடித்தது. "அன்னைக்கு நான் கொஞ்சம் அழுத்தி உக்காந்தேன். அதான் தூங்குச்சு. சேறெல்லாம் சும்மா."

கன்றுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் காதருகே வந்து கேட்டது. "அம்மா, மாமா அம்புட்டுக் கனமாவா இருக்காரு?"

"எங்கடா! ஏறுனதே தெரியாது," என்றது சிட்டு, பாதிக் கண்ணைத் திறந்து. "ஆனா ரெக்கை இருந்தும் அன்னைக்கு அவரு பறந்து போகல பாரு. இப்ப அவரு எறங்கிட்டாருன்னா மட்டும் தெரியுது."

அன்று முதல்தான் எருமை கறுத்துக் கனத்து, சேற்றைக் கண்டால் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுக்கிறது, ரோட்டில் எவன் எத்தனை ஹாரன் அடித்தாலும் அசைவதில்லை. அன்று முதல்தான் கரிச்சானும் அதன் முதுகில் ஏறி, மூச்சைப் பிடித்து, அழுத்தி உட்கார்ந்து வேலை பார்க்கிறது. பூச்சி பிடிக்கத்தான் அங்கே உட்காருகிறது என்று சிலர் சொல்கிறார்கள். கரிச்சானைக் கேட்டால், அது சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிற வேலை என்று சொல்லும்.